ஹாரன் செல்லாத ஊர்களில் கார் ஓட்டுவது

கொல்லத்தில் தொடங்கித் திருமங்கலம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 744, புளியங்குடிக்குள் நுழைந்ததும் கடைத்தெருவாக மாறிவிடுகிறது. எலுமிச்சை மூட்டை ஏற்றிக் கேரளத்துக்குக் கிளம்பிய லாரி, ராஜபாளையம் போகும் பஸ், சீசனுக்குக் குற்றாலம் வந்தவர்களின் கார், கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்ட சாமிகளின் வேன், இவற்றுக்கு நடுவே புல்லுக்கட்டைக் குறுக்கே வைத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது ஒழுங்கே இல்லாத ஓட்டம். உள்ளூர்க்காரருக்கு எல்லாம் புரியும். முன்னால் போகும் லாரி இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால், எதிரே ஒன்றும் வரவில்லை, நீ ஏறிப் போ என்று அர்த்தம். வலப்பக்கம் போட்டால், பொறு. சின்னதாக ஒரு ஹாரன் என்றால் நான் உன் பக்கத்தில் வருகிறேன்; நீளமாக அடித்தால் நகர மாட்டாயா. எதிரே வருகிறவர் லைட்டை அடித்தால் அவர் நிற்கப்போவதில்லை. ரோட்டைக் கடக்கும் பாட்டி கையை உயர்த்திவிட்டால் லாரிகூடக் கொஞ்சம் தணியும்.

யார் முதலில் போவது என்பதை நம் சாலைகளில் அந்தந்த நொடியில் பேசி முடித்துக்கொள்கிறோம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. பேச்சு தோற்கும் இடங்கள் அத்தனை. ஆனாலும் இருபது வருஷம் இப்படி ஓட்டியவரின் கையும் காலும் இந்தப் பேச்சுக்குப் பழகியிருக்கும். அவர் வெளிநாட்டில் ஒரு காரின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது அங்கே யாரும் பேசவில்லை என்பதைத்தான் முதலில் உணர்வார். அங்கே சாலையை வாசிக்க வேண்டும். கோடு, பலகை, விளக்கு, நிறம் எல்லாம் முன்பே முடிவு சொல்லிவிட்டவை. வாசிக்கத் தவறினால் யாரும் ஹாரன் அடித்து எச்சரிப்பதில்லை; கேமரா படம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பல வகை. புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தில் வளைகுடா போய்வந்தவர் இல்லாத தெரு அபூர்வம். மலேசியா, சிங்கப்பூர் உறவுகள் தலைமுறை கடந்தவை. பிள்ளை அமெரிக்காவில் இருப்பதால் ஆறு மாதம் போய்த் தங்கும் பெற்றோர் புதிய வகை. மலிவு விமான டிக்கெட்டில் தாய்லாந்து, வியட்நாம், இலங்கை என்று கிளம்பும் இளவட்டங்கள் அதைவிடப் புதிது. இவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் புத்திமதி மூன்று: இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடு, எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள் என்று பார், இன்சூரன்ஸ் போடு. மூன்றும் சரிதான். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் சொல்லாமல் விட்ட விஷயம் நிறைய இருக்கிறது.

முதலில் காகிதம். இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்று நாம் சொல்வது தனி லைசென்ஸ் அல்ல. கையிலிருக்கும் லைசென்ஸுக்கு மற்ற நாட்டார் புரிந்துகொள்ளும்படி தரப்படும் ஒரு சான்றுப் புத்தகம். அதைத் தனியாக நீட்டினால் செல்லாது. நம் அசல் அட்டையும் கூடவே இருக்க வேண்டும். படிவம் 4ஏ, பாஸ்போர்ட், ரூபாய் 1,000 கட்டணம், நம் லைசென்ஸ் எந்த அலுவலகக் கணக்கில் இருக்கிறதோ அந்த ஆர்டிஓ ஆபீஸ். புளியங்குடித் தெருக்களில் டிஎன் 76 என்ற தென்காசி எண்ணும் டிஎன் 79 என்ற சங்கரன்கோவில் எண்ணும் கலந்து ஓடுகின்றன. ஆனால் வண்டியின் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆளின் லைசென்ஸ்தான் கணக்கு. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் லைசென்ஸ் எடுத்தவர் முகவரி மாற்றத்தை முதலில் முடிப்பது நல்லது. செல்லுபடிக் காலம் ஒரு வருஷம். 2021 ஜனவரியில் வந்த திருத்தம் மருத்துவச் சான்றும் விசாவும் கட்டாயம் என்ற நிபந்தனைகளை எடுத்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியானால் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்கவும் வழி செய்தது. 2022 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரே வடிவம் கொண்டுவந்து கியூஆர் குறியீட்டையும் சேர்த்தார்கள். இணையத்தில் 'உலக லைசென்ஸ், பத்து வருஷம் செல்லும்' என்று கவர்ச்சியான அட்டை விற்கிறார்கள். அது பர்ஸில் வைத்துக்கொள்ள நன்றாக இருக்கும், போலீஸ்காரரிடம் காட்ட உதவாது.

வண்டி வகை இன்னொரு விஷயம். அந்தப் புத்தகத்தில் ஏ என்றால் மோட்டார் சைக்கிள், பி என்றால் கார். நம் லைசென்ஸில் கார் மட்டும் இருந்தால் ஏ கட்டத்தில் முத்திரை விழாது. ஊரில் கார் லைசென்ஸோடு பைக் ஓட்டி யாரிடமும் மாட்டாதவர்கள் தாய்லாந்திலும் பாலியிலும் போய் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறார்கள். கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைத் தருவார். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் பயணக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்: அந்த வண்டிக்கு உங்களுக்கு லைசென்ஸ் இருந்ததா, ஹெல்மெட் போட்டிருந்தீர்களா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் பில் நம் தலையில்.

இந்தப் புத்தகத்தை எல்லா நாடும் ஒரேபோல மதிப்பதில்லை. இந்தியா 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி இதைத் தருகிறது. ஜப்பான் அந்த வகையைத்தான் ஏற்கும். ஆகவே ஜெர்மானியருக்கு இல்லாத வசதி அங்கே நமக்கு உண்டு. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்த வகையை. ஹனோயில் நம் பையன்கள் ஓட்டும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் வண்டிகளே. சீனா இரண்டையும் ஏற்காது. பிரிட்டன் தாராளம், நம் லைசென்ஸையே பன்னிரண்டு மாதம் ஒப்புக்கொள்ளும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியாவில் சுற்றுலா வந்தவர் சொந்த நாட்டு லைசென்ஸோடு ஓட்டலாம் என்பதால் டெக்சாஸிலும் அப்படியே என்று நினைக்காமல் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு நுணுக்கம் பலருக்குச் சிக்கலாகிறது. விசிட் விசாவில் போன இந்தியர் இன்டர்நேஷனல் லைசென்ஸைக் காட்டி வாடகைக் கார் எடுக்கலாம். அங்கேயே வேலை கிடைத்து ரெசிடென்ஸ் விசா அடித்துவிட்டால் அந்த நாளிலிருந்து அது செல்லாது. நேற்று ஓட்டியவர் இன்று ஓட்டினால் லைசென்ஸ் இல்லாதவர். பிறகு பார்க்கிங் டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஊரில் லாரி ஓட்டிக் கை தேர்ந்தவர்கள் அந்த ரோடு டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்பதை வளைகுடாக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. லேன் மாறும்போது தலையைத் திருப்பித் தோள்பக்கம் பார்க்காததும், நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுதாக நிற்காமல் உருண்டதும்தான் தோல்விக்குக் காரணங்கள்.

இலங்கை பக்கத்து வீடு மாதிரி இருப்பதால் காகிதம் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். அங்கே நம் இன்டர்நேஷனல் லைசென்ஸ் மட்டும் போதாது. கொழும்பில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக உரிமம் வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக உரிமம் தரும் பிரிவைத் திறந்துவிட்டார்கள், அலைச்சல் குறைந்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் காரை ஏற்றிப்போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அது பயணிகள் கப்பல், கார் போகாது. சொந்தக் காரிலேயே எல்லை தாண்ட ஆசைப்படுபவருக்கு நேபாளமும் பூட்டானும் இருக்கின்றன. நம் லைசென்ஸ் இரண்டிலும் செல்லும். நேபாள எல்லையில் பன்சார் என்ற சுங்கச் சீட்டை நாள் கணக்குக்குப் பணம் கட்டி வாங்க வேண்டும். பூட்டானுக்குள் புந்த்ஷோலிங்கில் வண்டிக்கு அனுமதி எடுக்க வேண்டும். 2017இல் கோவையிலிருந்து லண்டன் வரை மகளிர் குழு ஒன்று காரிலேயே போய்ச் சேர்ந்தது. அது வேறு மாதிரியான தவம். ஒவ்வொரு எல்லைக்கும் தனிக் காகிதம்.

இரண்டாவது புத்திமதி: எந்தப் பக்கம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான், பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாம் நம்மைப் போல இடப்பக்கம். வளைகுடாவும் அமெரிக்காவும், பிரிட்டன் போன்ற சிலவற்றை விட்டு மிச்ச ஐரோப்பாவும் வலப்பக்கம். பயமுறுத்துவதுபோல் இது கடினமில்லை. நாலு வண்டி முன்னால் போனால் நாமும் பின்னால் போய்விடுவோம். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஒரே நாளில் நாட்டையே இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியது, ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். ஆள் தடுமாறுவது வண்டி இல்லாத இடத்தில்தான்: விடியற்காலை ஓட்டல் வாசலில், பெட்ரோல் போட்டுவிட்டு பங்க்கை விட்டு வெளியே வரும்போது, படம் எடுக்க ஓரம் நிறுத்தி மறுபடி கிளம்பும்போது. பார்த்துப் பின்தொடர முன்னால் ஆள் இல்லை. கை பழைய பக்கம் திரும்பிவிடும். அந்த நேரங்களில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாய்விட்டு 'ரைட், ரைட்' என்று சொன்னால் போதும். நம் பஸ் கண்டக்டர் மொழியில் அதற்கு வேறு அர்த்தம் என்பது வேடிக்கை.

பக்கத்தைவிட ஆபத்தானது சந்திப்பு. இங்கேதான் ஊர்ப் பழக்கம் நம்மைக் காட்டிக்கொடுக்கும். ரவுண்டானாவை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் மூக்கை நுழைத்தவருக்கு வழி. பிரிட்டனிலும் மலேசியாவிலும் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் வளைகுடா நாடுகளில் ரவுண்டானாவை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர் நமக்கு இடப்பக்கத்திலிருந்து வருவார், அவருக்கே முதலிடம். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் பலகையே இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து எவ்வளவு சின்ன வண்டி வந்தாலும் அதற்கு வழிவிட வேண்டும். நாம் போவது பெரிய ரோடாயிற்றே என்ற நினைப்பு செல்லாது. மஞ்சள் வைரம் வரைந்த பலகை இருந்தால் நம் ரோட்டுக்கு முன்னுரிமை.

அமெரிக்காவில் நாலு பக்கமும் நில் என்ற சிவப்பு எண்கோணப் பலகை வைத்த சந்திப்புகள் தெருவுக்குத் தெரு உண்டு. விளக்கில்லை, போலீஸ் இல்லை. எல்லோரும் முழுதாக நிற்க வேண்டும். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். சாலையே காலியாக இருந்தாலும் நிற்க வேண்டும். நம்மவர்கள் இதில் வேகம் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டு உருட்டிப் போவார்கள். பின்னாலேயே நீலச் சிவப்பு விளக்கு சுழலும். சிவப்பு விளக்கில் முழுதாக நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம் என்பது அங்கே பெரும்பாலான இடங்களில் சட்டம். நியூயார்க் நகரத்துக்குள் கூடாது. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கி நின்றால் பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். ஊரில் நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போவது அனிச்சையாகிவிட்ட காலுக்கு இது பெரிய பாடம்.

அங்கே போலீஸ் நிறுத்தினால் காரிலிருந்து இறங்கக் கூடாது. புளியங்குடியில் வண்டியை ஓரங்கட்டியதும் இறங்கி, காகிதத்தை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் இருக்கும் இடத்துக்கு நடந்து போவது மரியாதை. அமெரிக்காவில் அதே செயல் மிரட்டலாகத் தெரியும். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் தெரிய வேண்டும். அவர் ஜன்னலுக்கு வந்து கேட்ட பிறகே பாக்கெட்டில் கைவிட வேண்டும், அதையும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பணம் கொடுத்து முடிக்கலாமா என்ற பேச்சை எடுத்தாலே அது தனி வழக்கு.

ஹாரன், லைட் விஷயத்துக்கு வருவோம். பிரிட்டனில் குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஹாரன் அடிப்பது சட்டத்துக்கு எதிரானது. பகலில் அடித்தாலும் அது திட்டுக்குச் சமம். லைட் அடிப்பது அதைவிடக் குழப்பம். இங்கே எதிரே வருகிறவர் லைட் அடித்தால் நாம் ஒதுங்குவோம். பிரிட்டன் சாலையில் பெரும்பாலும் அதே செயலுக்கு 'நீங்கள் போங்கள்' என்று பொருள் கொள்கிறார்கள். நாம் 'நான் வருகிறேன்' என்று அடிக்க, அவர் 'போகச் சொல்கிறார்' என்று குறுக்கே திருப்பினால் இரண்டு பேருமே தங்கள் கணக்கில் சரி. இத்தனைக்கும் அந்நாட்டு நெடுஞ்சாலை விதிநூல் லைட் அடிப்பது நம் இருப்பைத் தெரிவிக்க மட்டுமே என்கிறது. என் யோசனை, வெளிநாட்டில் இருக்கும்வரை லைட் அடிக்கவே வேண்டாம்.

வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலகையில் இருப்பதுதான் வேகம். ஆனால் பிரிட்டனில் எண்கள் மைல் கணக்கு. ஊருக்குள் 30 என்றால் நம் 48 கிலோமீட்டர். வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் பெரும்பாலான குடியிருப்புச் சாலைகளில் 20. அமீரகத்தில் இன்னொரு பொறி: துபாயில் பலகை வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர்வரை கேமரா பொறுத்துக்கொள்ளும். அபுதாபி 2018 ஆகஸ்டில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. துபாயில் பழகிய கால், எமிரேட் எல்லை தாண்டியதும் அபராதம் சேர்த்துக்கொண்டே போகும்.

குடித்துவிட்டு ஓட்டுவது பற்றி ஒரு தகவல் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமோடு நிறுத்துகிறது. இங்கிலாந்தில் 80 வரை. காகிதத்தில் நாம் கடுமை. அங்கே பிடிபடும் வாய்ப்பும் தண்டனையும் வேறு என்பதால் இந்த ஒப்பீட்டை யாரும் அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சவுதியிலும் அமீரகத்திலும் ஒரு துளியும் ஆகாது.

குழந்தைகள் விஷயம் குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பெரிய தலைவலி. பாட்டி மடியில் பேரன் என்பது நம் கார்களின் நிரந்தரக் காட்சி. அமீரகத்தில் 2017 முதல் நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். பிரிட்டன், அமெரிக்காவிலும் தனி இருக்கை இல்லாமல் குழந்தையை ஏற்ற முடியாது. வாடகைக் கார் முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வைக்காவிட்டால் விமான நிலையத்தில் பாட்டிக்கும் கவுண்டருக்கும் இடையில் சண்டை மூளும்.

கவுண்டர் என்றதும் மூன்றாவது புத்திமதி, இன்சூரன்ஸ். வாடகையில் சேர்ந்த காப்பீடு பெரும்பாலும் முழுச் சேதத்தையும் ஏற்காது. குறிப்பிட்ட தொகைவரை நாம் கட்ட வேண்டும். அந்தத் தொகையை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். முன்பணத்தை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், கார்டு ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும். மைத்துனரும் மாறி ஓட்டுவார் என்றால் அவர் பெயரையும் எழுத வேண்டும்; எழுதாதவர் ஓட்டி மோதினால் காப்பீடே இல்லை. சாவி வாங்கியதும் காரை நாலு பக்கமும் படம் எடுங்கள், டயரையும் கண்ணாடியையும் விடாமல். பெட்ரோலா டீசலா என்று மூடியில் பாருங்கள். பம்ப் குழாயின் நிறத்தை நம்பாதீர்கள், அது ஊருக்கு ஊர் மாறும்.

விபத்து நடந்தால் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இடமில்லை. அமீரகத்தில் சின்னக் கீறலுக்கும் போலீஸ் அறிக்கை வேண்டும். அது இல்லாமல் பட்டறையில் கை வைக்க மாட்டார்கள். உயிர் போனால் சட்டப்படியான குருதிப்பணம் 2,00,000 திர்ஹாம். வழக்கமாகக் காப்பீடு கட்டும், ஆனால் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்றால் நிறுவனம் அவரிடமே திருப்பிக் கேட்கும். இலங்கையில் ஆம்புலன்ஸ் எண் 1990. இந்திய உதவியோடு 2016இல் தொடங்கிய சேவை அது. நம் 108ஐப் பார்த்துச் செய்தது. ஐரோப்பா முழுதும் 112, அமெரிக்காவில் 911. இலங்கையில் ஹபரணை, மின்னேரியா பக்கம் மாலை சாய்ந்த பிறகு ஓட்டாமல் இருப்பதே உத்தமம், யானை ரோட்டில் நிற்கும்.

எதிர்த்திசையையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். 2006இல் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை வெளிநாட்டவர்கள் ஆட்டோ ஓட்டிய போட்டி நடந்தது; இப்போதும் கேரளத்திலிருந்து புல்லட் எடுத்துக்கொண்டு குற்றாலம் வழியாக மதுரைக்குப் போகும் வெள்ளைக்காரர்களை 744இல் பார்க்கலாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நேர்மாறு: கோட்டை நம்பாதே, ஆளைப் பார். ஹாரன் அடி. பெயின்ட் அழிந்த வேகத்தடையையும், அறுவடை மாதத்தில் சாலையோரம் காயும் தானியத்தையும், பின்விளக்கு இல்லாத டிராக்டரையும் எதிர்பார். இருட்டிவிட்டால் நிறுத்திவிடு. நம் ஊர்க்காரரும் இதையெல்லாம் அறிந்தே ஓட்டுகிறார், சொல்லிக்கொள்வதில்லை.

எல்லோரும் வெளிநாட்டில் ஓட்டித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை என்பேன். சிங்கப்பூரிலும் லண்டனிலும் ரயிலும் பஸ்ஸும் இருக்கும்போது கார் வீண் செலவு. திருவனந்தபுரத்தில் ஏறி ஒரு நாள் பயணம் செய்து டல்லஸில் இறங்கும் அப்பா, மகன் சாவியை நீட்டினாலும் முதல் வாரம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பலகைகளைப் படித்துக்கொண்டு வருவது நல்லது. நாலு பக்க நிறுத்தம் எப்படி நடக்கிறது என்பது பத்து முறை பார்த்தால் தானே பிடிபடும். சனி, ஞாயிறு காலையில் காலியான பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில் மகனே ஓட்டக் கற்றுக்கொடுக்கட்டும்.

ஊர் திரும்பியதும் கணக்கு முடிந்துவிடாது. இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் அனுமதி இல்லாத கார்கள் நுழையக் கூடாத வட்டங்கள் உண்டு, நுழைவாயிலில் கேமரா. நாம் தெரியாமல் போய் வந்திருப்போம். அபராதம் பல மாதம் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வரும். நம் பெயர், முகவரியைப் போலீசுக்குத் தந்ததற்காக நிறுவனம் தனிக் கட்டணத்தையும் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். லண்டன் நெரிசல் கட்டணம், துபாய் சாலிக் சுங்கம் ஆகியவையும் இப்படித்தான் பின்னால் வரும். அதனால் பயணத்துக்கென்று எடுத்த கார்டை வந்ததும் முடக்கிவிடாமல், வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்த படங்களையும் ஒரு வருஷமாவது வைத்திருங்கள். தொகை தவறாக இருந்தால் எதிர்த்து எழுதக் கையில் காகிதம் வேண்டும்.